ஜோஸ்பின் கூடாரத்துக்குப் போன வாரம்

அமல்தாஸுக்குச் சமைக்கத் தெரியாது என்று அவன் அக்கா ஜெசிந்தா மேரி உறவு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அது பழைய கதை. மனைவி ஜோஸ்பின் சுவீடனுக்குப் படிக்கப் போன இந்த ஒரு வருஷத்தில் அவன் ரசத்தில் ஆரம்பித்து மீன் குழம்பு வரைக்கும் வந்துவிட்டான். மகள் செலினுக்குத் தலை பின்னுவதுதான் இன்னும் கைக்கு வரவில்லை. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற செலின், ஒரு சடை காதுக்கு மேலேயும் இன்னொன்று காதுக்குக் கீழேயுமாகப் பள்ளிக்கூட வேனில் ஏறுவாள். அவளுடைய டீச்சர் அதை அவிழ்த்துச் சரியாகப் பின்னி அனுப்புவார்.

அவர்கள் வீடு வில்லியனூருக்கு மேற்கே, கரும்புக் கொல்லைகளுக்கும் புதிதாகக் கல் நட்ட மனைகளுக்கும் நடுவில் இருந்த ஒரு சின்ன ஊரில். அமல்தாஸ் சொந்தமாக ஒரு குட்டி யானை ஓட்டினான். வீடு மாறுகிறவர்களின் பீரோ, கல்யாண மண்டபத்து நாற்காலி, தவளக்குப்பத்துக் கடைகளுக்குப் போகும் தண்ணீர்த் தொட்டி என்று எது கிடைத்தாலும் அந்தச் சின்ன வண்டியில் ஏற்றுவான். சுபாவத்திலேயே பயந்தவன். பீரோவைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிய பிறகும், வழியில் நாலைந்து தடவை வண்டியை ஓரங்கட்டி, இறங்கிப் போய்க் கயிற்றை இழுத்துப் பார்ப்பான். கூட வரும் வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். அவன் கவலைப்படமாட்டான்.

இப்படிப்பட்டவன்தான் பெண்டாட்டியைக் கடல் தாண்டி அனுப்பினான்.

ஜோஸ்பின் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். பாகூர்ப் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பாகிக்கொண்டு வந்தது. ஊர் ஊராகப் போய் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து சோதிப்பது அவள் வேலை. அந்த உப்பு எங்கிருந்து வருகிறது, எப்படி நகர்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்கு ஒரு தவிப்பு. நிலத்தடி நீரைப் பற்றிய மேல்படிப்புக்கு உதவித்தொகை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கிடைக்காது என்ற நம்பிக்கையில்தான் விண்ணப்பித்தாள். கிடைத்துவிட்டது. அன்றைக்கு அவள் அழுதாள். சந்தோஷத்தில் இல்லை. முப்பத்தோரு வயதில், ஐந்து வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அழுதாள்.

"போயிட்டு வா ஜோசி. ரெண்டு வருஷம்தான" என்றான் அமல்தாஸ். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று பிறகு பல தடவை அவனே யோசித்திருக்கிறான்.

தினமும் செலின் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போன் வரும். ஜோஸ்பினுக்கு அப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுச் செலின் தின்பண்டம் தின்பாள். ஜோஸ்பின் தன் பாடுகளைச் சொல்வாள். அவள் தங்கியிருந்த மாணவர் விடுதியில் ஒன்பது பேருக்கு ஒரே சமையலறை. பிரிட்ஜில் ஆளுக்கு ஒரு அடுக்கு. துணி துவைக்கக்கூட முன்கூட்டியே நேரம் எழுதி வைக்க வேண்டும். ஒரு தடவை அவள் தாமதமாகப் போக, யாரோ அவளுடைய ஈரத் துணிகளை எடுத்து வாளியில் போட்டுவிட்டு, ஒரு சீட்டில் அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ எழுதி மேலே வைத்திருந்தார்கள். அது திட்டா, மன்னிப்பா என்று தெரியாமல் அன்று முழுக்கப் பயந்துகொண்டே இருந்தாளாம்.

வகுப்பில் எல்லாரும் அவளைவிடப் பத்து வயது சின்னவர்கள். ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அது அவள் வாயில் வரவே இல்லை. "சார்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் சிரித்துக்கொண்டே அதற்குப் பழகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் எரித்திரியாக்காரர்களும் போலந்துக்காரர்களும் ரெண்டு மலையாளி நர்சுகளும் இருப்பார்கள். பாட்டு ஒன்றும் புரியாது. ஆனால் எந்த இடத்தில் முழங்கால் போட வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொன்னாள்.

டிசம்பரில் அங்கே மத்தியானத்திலேயே இருட்டிவிடும். ஒரு நாள் போன் போட்டுப் பேசாமலே அழுதாள். "என்னால முடியலங்க. வந்துடறேன்" என்றாள். "பொங்கல் வரைக்கும் இருந்து பாரு" என்றான் அவன். அந்தச் சமயத்தில்தான் ஒரு பீரோவை இறக்கும்போது அவன் விரல் நசுங்கியிருந்தது. கையைப் போனுக்குக் காட்டாமல் சமாளித்துவிட்டான். பத்து நாள் கழித்துச் செலின் உளறிவிட்டாள். ஜோஸ்பின் கையைக் காட்டச் சொல்லிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "நல்லதோ கெட்டதோ எதையும் மறைக்காதீங்க. மறைக்கிறீங்கன்னு ஒரு தடவ தெரிஞ்சா, அப்புறம் நல்லா இருக்கோம்னு நீங்க சொல்றப்ப எல்லாம் எனக்கு சந்தேகமாவே இருக்கும்." அவன் சத்தியம் செய்து கொடுத்தான்.

இரண்டாம் வருஷம் ஆரம்பிக்கும்போது, ஆகஸ்ட் கடைசியில், வகுப்பு முழுவதும் வடக்கே ஒரு சதுப்புக் காட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ஆற்றோரம் கூடாரம் அடித்துத் தங்கி, மண்ணுக்குள் தண்ணீர் எப்படி நகர்கிறது என்று அளக்க வேண்டும். திங்கட்கிழமை போய் சனிக்கிழமை திரும்புவார்கள். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. ஆசிரியரிடம் மட்டும் ஒரு சாட்டிலைட் போன் இருக்கும்.

"அவசரம்னா மட்டும் இந்த நம்பருக்கு மெசேஜ் போடுங்க. காலேஜ் ஆபீஸ்ல இருக்கிறவங்க சாருக்குச் சொல்லிடுவாங்க" என்று ஒரு எண்ணை அனுப்பினாள்.

"அங்க கரடி இருக்குமா?"

"இருக்குமாம். ஆனா கண்ணுல படறதே அபூர்வமாம்."

"படவே வேணாம். கூட யாரு?"

"என் டென்ட்ல மார்த்தா. ஸ்பெயின்காரப் பொண்ணு. டென்ட் அடிக்க அவதான் சொல்லிக் குடுக்கறா. நேத்து ஹாஸ்டல் பின்னாடி அடிச்சுப் பாத்தோம். நான் அடிச்சது கவுந்துடுச்சு." ஜோஸ்பின் சிரித்தாள். "ஆளுக்கு ஒரு சின்ன மண்வெட்டி குடுத்திருக்காங்க. எதுக்குன்னு கேக்காதீங்க. காட்டுல கக்கூஸ் கெடையாது."

இந்தக் கூடாரப் பயணத்தைக் கேட்டதும் ஜெசிந்தா மேரிக்குத்தான் தாங்கவில்லை. அவள் தவளக்குப்பத்தில் இருந்தாள். வாரம் ஒரு தடவை தம்பி வீட்டுக்கு வந்து துணியெல்லாம் மடித்து வைத்துவிட்டு, மனசில் இருப்பதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். "இன்னாடா படிப்பு இது? பசங்களும் பொண்ணுங்களுமா காட்டுல போயி டென்ட் போட்டுகினு? கட்டின புருஷன் இங்க சோறு வடிச்சிகினு இருக்கான்" என்றாள். அமல்தாஸ் எழுந்து வண்டியைக் கழுவப் போய்விட்டான். பதில் சொன்னால் அவள் இன்னும் ஒரு மணி நேரம் பேசுவாள்.

திங்கட்கிழமை மத்தியானம், பஸ் ஏறும் முன்னால் ஜோஸ்பின் போன் செய்தாள். முதுகில் தன்னைவிடப் பெரிய மூட்டை. அன்றைக்கு இங்கே ஏதோ லீவு. செலின் காலையிலிருந்து தெருவில் விளையாடிவிட்டு வந்து அப்பா மடியில் சாய்ந்திருந்தாள். அவன் கை அவள் கழுத்தில் பட்டது. லேசாகச் சுட்டது.

"செலின் ஏன் சோர்ந்து கெடக்கறா?"

"காலையிலேருந்து வெயில்ல ஆட்டம். வேற ஒன்னும் இல்ல. நல்லா இருக்கா. நீ பாத்துப் போ."

பஸ் கிளம்பியது. படம் அசைந்து, உறைந்து, மறைந்துபோனது.

சாயந்திரம் செலினுக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. ஊரில் இருந்த கிளினிக்கில் காய்ச்சல் மருந்து கொடுத்தார்கள். குடித்தால் இறங்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஏறும். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னபோது அமல்தாஸ் எதிர் வீடுகளைத் திரும்பிப் பார்த்தான். எதிர் வரிசையில் ரெண்டு வீட்டில் அந்த மாதம் டெங்கு வந்து போயிருந்தது. கொம்யூன் பஞ்சாயத்து ஆட்கள் வந்து புகை அடித்துவிட்டும் போயிருந்தார்கள். புதன்கிழமை ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு என்று உறுதியானது. டவுனில் இருக்கும் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். ஜெசிந்தா மேரி ஒரு பையில் துணியும் பிளாஸ்க்கும் எடுத்துக்கொண்டு, அவன் கூப்பிடாமலே வந்து சேர்ந்தாள். வந்தவள் யாரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுவே அவனுக்கு பயமாக இருந்தது.

வார்டில் வரிசையாகப் பிள்ளைகள். எல்லார் கையிலும் டேப் ஒட்டி, ஊசி செருகியிருந்தது. செலின் ஊசிக்கு அழுதாள்; அப்புறம் அழவும் தெம்பில்லாமல் கிடந்தாள். "அம்மா எப்போ போன் பண்ணும்?" என்று கேட்டாள். "சனிக்கிழமை" என்றான். "இன்னிக்கு சனிக்கிழமையா?" என்று கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை கேட்டாள்.

ஜோஸ்பின் கொடுத்த எண் அவன் போனில் இருந்தது. அதை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். சத்தியம் ஞாபகம் வந்தது. கூடவே டிசம்பர் மாத அழுகையும் ஞாபகம் வந்தது. இப்போது சொன்னால் அவள் அடுத்த விமானத்தில் வந்துவிடுவாள். வந்தால் மறுபடி போவாளா?

அக்காவிடம் கேட்டான். போட்டுத் தொலைடா, என்ன பொம்பளை அவள், என்று கத்துவாள் என்று எதிர்பார்த்தான். ஜெசிந்தா மேரி பிளாஸ்க்கை மூடிக்கொண்டே, "போடாத" என்றாள்.

"இன்னாக்கா சொல்ற?"

"ஓடி வந்துடுவா. வந்தா திரும்பப் போக மாட்டா. அப்புறம் காலம் பூரா அந்தப் படிப்பு பாதியில நின்ன கதைதான் உன் வூட்ல ஓடும். நானும்தான் படிக்கறேன்னு அழுதேன், எட்டாவதோட நிறுத்தினாங்க. இன்னும் அப்பாவ நெனச்சா அதுதான் மொதல்ல ஞாபகம் வருது." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "புள்ளைக்கு ஒன்னும் ஆவாது. பாத்துக்கலாம்."

வியாழக்கிழமை காலையில் செலினின் நெற்றி குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. ஜெசிந்தா மேரி சிலுவை போட்டுக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் சொன்னாள். அமல்தாஸுக்கும் மூச்சு வந்தது. ஆனால் சுற்றி வந்த டாக்டரம்மா சிரிக்கவில்லை. பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார்.

"டெங்குல காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனமா இருக்கணும். அடுத்த ரெண்டு நாள்தான் முக்கியம். வயிறு வலிச்சாலோ, வாந்தி எடுத்தாலோ, ரொம்பத் தூங்கினாலோ உடனே சொல்லுங்க. எவ்வளவு யூரின் போறான்னு அளந்து எழுதி வையுங்க."

பத்து மணிக்கு மேல் செலின் வாந்தி எடுத்தாள். "வவுறு வலிக்குது" என்று முனகினாள். பிறகு தூங்கிப்போனாள். அது தூக்கமா, மயக்கமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கூப்பிட்டால் கண் திறந்தாள். திறந்த கண் அவனைப் பார்க்காமல் எங்கோ பார்த்தது. சலைனைக் கூட்டினார்கள். ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே இருப்பதாகச் சொன்னார்கள். அவன் நர்சின் முகத்தைப் பார்த்தான், டாக்டரின் முகத்தைப் பார்த்தான், அடுத்த கட்டிலுக்கு வந்து போகிறவர்கள் முகத்தையெல்லாம் பார்த்தான். யார் முகத்திலாவது ஏதாவது எழுதியிருக்குமா என்று தேடினான்.

மாடிப்படி வளைவில் போய் நின்றான். போன் கையில் இருந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. இதை நான் பிள்ளைக்காக அனுப்பப் போகிறேனா, எனக்காகவா? ஒரு வருஷமாக அவன் களைத்திருந்தான். யாரிடமும் சொன்னதில்லை. காலையில் எழுந்து அரிசி களையும்போதும், செலினின் சடை அவிழ்ந்துபோகும்போதும், ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து ஜோடி ஜோடியாகப் போகிறவர்களைப் பார்க்கும்போதும், அவள் திரும்பி வர ஒரு காரணம் கிடைக்காதா என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறான். இப்போது காரணம் கிடைத்திருக்கிறது. அந்த நினைப்பே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. பிள்ளை அங்கே கிடக்கும்போது நான் இதையா யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று தலையில் அடித்துக்கொண்டான்.

ஆனாலும், நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால், தெரிந்தும் சொல்லவில்லையே என்று அவள் கேட்டால்? மற்றதெல்லாம் எப்படியோ போகட்டும்.

ஆங்கிலத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வார்டு நர்ஸ் ஆதிலட்சுமியிடம் போய் நின்றான். சுறுசுறுப்பான பெண், எப்போதும் கையில் ஊசியோ பதிவேடோ இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அம்மா ஃபாரின்ல படிக்கறாங்களா? குடுங்க" என்று போனை வாங்கி ரெண்டு வரி தட்டினாள். மகள் டெங்குவால் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், சிகிச்சை நடக்கிறது, தயவுசெய்து தாயாருக்குத் தெரிவியுங்கள்.

"ரொம்ப பயமுறுத்தற மாதிரி இல்லியே?" என்றான்.

"உண்மை எவ்ளோவோ அவ்ளோதான் எழுதியிருக்கேன்" என்றாள் அவள்.

அனுப்பினான். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ஆதிலட்சுமிதான் படித்துச் சொன்னாள். "மெசேஜ் கெடச்சுதாம். அங்க பெருமழையாம். ஆத்துல தண்ணி ஏறிட்டதால கேம்ப்பை வேற இடத்துக்கு மாத்தறாங்களாம். சாட்டிலைட் போன் இப்போ எடுக்கலையாம். முயற்சி பண்ணிகினே இருக்காங்களாம்."

அமல்தாஸ் சுவரில் சாய்ந்தான். அதுவரை அவனுக்கு ஒரு பக்கம்தான் பயம் இருந்தது. இப்போது ரெண்டு பக்கமும். ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. கூடாரம் கவிழ்ந்துவிட்டதா? அவளுக்கு நீச்சல் தெரியாது. சங்கராபரணி ஆற்றில் முழங்கால் தண்ணீரில் இறங்கக்கூட அவன் கையைப் பிடித்துக்கொள்கிறவள். அதைப் பற்றி அங்கே யாரிடமாவது சொல்லியிருப்பாளா? வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லியிருக்க மாட்டாள்.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் அவளே அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "போட்டுட்டியா?" என்றாள். தலையாட்டினான். அவள் திட்டவில்லை. ஜெபமாலையை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை செலின் ஒரு மடக்கு இளநீர் குடித்தாள். அது வயிற்றில் தங்கியது. சிறுநீர் கொஞ்சம் போனாள். ஆதிலட்சுமி அளந்து எழுதிக்கொண்டு, "பரவால்ல" என்றாள். அந்த ஒரு வார்த்தையை அமல்தாஸ் உள்ளுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டான். காலை ரத்தம் எடுத்துப் போயிருந்தார்கள்.

மத்தியானச் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வரும்போது, தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து போன் வந்தது.

"யூரின் போறாளா?"

ஜோஸ்பின்தான். ஹலோகூட இல்லை. குரல் கரகரத்திருந்தது. "போறா. காலையில ரெண்டு வாட்டி."

"வயித்து வலி?"

"நேத்து இருந்துச்சி. இன்னிக்கி கேட்டா இல்லன்னு தலைய ஆட்டறா. நீ எங்க இருக்க? தண்ணி ஏறிடுச்சின்னாங்களே?"

"நான் நல்லா இருக்கேன். ஒரு பெட்ரோல் பங்க்ல இருக்கேன். ரத்தம் எங்கயாச்சும் கசிஞ்சுதா... பல்லுல, மூக்குல?"

"இல்ல."

"கையில ரிப்போர்ட் இருக்கா? பிசிவின்னு ஒன்னு போட்டிருக்கும், ரத்தம் கெட்டியாகுதான்னு பாக்கறது, படிங்க."

அவன் படித்தான். நேற்றையதையும் படித்தான். பின்னணியில் மழைச் சத்தமும் ஏதோ புரியாத பாஷையும் கேட்டன.

"காய்ச்சல் எப்போ ஆரம்பிச்சுது?"

"திங்கக்கிழமை."

"நான் பஸ் ஏறினப்பவா?"

"ஆமா. கழுத்து லேசா சுட்டுது. வெயில்ல ஆடினதுன்னு நெனச்சேன்."

"நெனச்சீங்களா, இல்ல எங்கிட்ட சொல்ல வேணாம்னு நெனச்சீங்களா?"

"ரெண்டும்" என்றான் அமல்தாஸ்.

அவள் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு கேட்டாள்: "நான் வரட்டுமா? இங்கேருந்தே ஏர்போர்ட்டுக்குப் போயிடறேன். சொல்லுங்க."

வா என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அவன் கட்டிலைப் பார்த்தான். செலின் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா மேரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு நீ வரணும் ஜோசி" என்றான். "செலினுக்காக மட்டும் இல்ல. நேத்து அந்த மெசேஜ் போடும்போதே, புள்ளைக்காகப் போடறனா எனக்காகப் போடறனான்னு எனக்கே தெரியல. அதனால என்னைக் கேக்காத. டாக்டரைக் கேளு. அவங்க இன்னா சொல்றாங்களோ அத செய்."

போனைக் கொண்டுபோய், பக்கத்து வரிசையில் ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவிடம் நீட்டினான். அவர் முதலில் முகம் சுளித்தார். பிறகு வாங்கிப் பேசினார். பாதி ஆங்கிலம், பாதி தமிழ். "நீங்க லேப் டெக்னீஷியனா? சரி, அப்ப புரியும்..." என்று ஆரம்பித்து, எண்களாகச் சொல்லிக்கொண்டு போனார். அமல்தாஸுக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டர் போனைத் திருப்பித் தரும்போது, "சாயந்திர ரிப்போர்ட் வரட்டும்னு சொல்லியிருக்கேன். உங்க மனைவி சரியான கேள்வியா கேக்கறாங்க" என்றார்.

அன்று சாயந்திரம் வரைக்கும் ஜோஸ்பின் அந்தப் பெட்ரோல் பங்கிலேயே இருந்தாள். அவள் எப்படி அங்கே வந்தாள் என்பதைத் துண்டு துண்டாகத்தான் சொன்னாள். மழையில் சாட்டிலைட் போன் நனைந்துவிடக் கூடாது என்று ஆசிரியர் அதை அணைத்துப் பெட்டிக்குள் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை விடிந்ததும்தான் திறந்து பார்த்தார். பார்த்ததும் அவர் ஜோஸ்பினிடம் வந்து, கையில் காபியைக் கொடுத்துவிட்டுத்தான் செய்தியைச் சொன்னார். அந்தக் காபியை அவள் அப்படியே கீழே ஊற்றிவிட்டாளாம். அவரும் மார்த்தாவும் அவளைக் கூட்டிக்கொண்டு சாலை வரைக்கும் சதுப்பில் நடந்தார்கள். வழியில் ஒரு ஓடை பெருகியிருந்தது. "எனக்கு நீச்சல் தெரியாது" என்று அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னாள். இருவரும் அவளை நடுவில் விட்டு, கயிறு கட்டிக் கடத்தினார்கள். இடுப்பு வரைக்கும் நனைந்துவிட்டாள், ஒரு பூட்ஸ் சேற்றிலேயே போய்விட்டது. சாலையில் மரம் ஏற்றி வந்த ஒரு லாரிக்காரர் பெட்ரோல் பங்க் வரை கொண்டுவந்து விட்டார். பங்கில் இருந்த பெண் தன்னுடைய சொந்தச் செருப்பைக் கொடுத்து, போனையும் கொடுத்தாள்.

சாயந்திர ரிப்போர்ட்டில் தட்டணு எண்ணிக்கை இறங்கவில்லை. நின்றிருந்தது. ஏறவும் இல்லை. டாக்டர் "நல்ல அறிகுறி" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அமல்தாஸ் அதை அப்படியே ஜோஸ்பினிடம் சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவள் விமானம் பார்ப்பதை அடுத்த நாள் காலைக்குத் தள்ளி வைத்தாள்.

சனிக்கிழமை காலை எண்ணிக்கை ஏறியிருந்தது. செலின் கண் விழித்து, கை காலெல்லாம் சொறிந்துகொண்டு, "அரிக்குது. இட்லி வேணும்" என்றாள். டாக்டரம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "அரிச்சா நல்லது. உடம்பு தேறுது" என்றார். ஜெசிந்தா மேரி இட்லி வாங்க ஓடினாள். அமல்தாஸ் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதான். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து ஜோஸ்பினுக்குப் போன் செய்தான். அவள் வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவதாக ஏற்கெனவே இருந்த ஏற்பாடே போதும் என்று ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு புதுச் சிக்கல். செலின் அம்மாவுடன் பேச மறுத்தாள். போன் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். "ஊசி போடும்போது நீ இல்ல" என்று அங்கிருந்து ஒரு தடவை கத்தினாள். ஜோஸ்பின் அன்றைக்குப் போனை வைத்துவிட்டாள். அமல்தாஸ் பிள்ளையைக் கட்டாயப்படுத்தவில்லை. ஜெசிந்தா மேரிதான், தவளக்குப்பம் திரும்பிப் போகும் முன்னால், கட்டிலுக்குக் கீழே குனிந்து, "கோவமா இருந்தா நேரா சொல்லணும்டி. ஒளிஞ்சிகினு சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குள் ஜோஸ்பின் இன்னொன்றும் சொல்லியிருந்தாள். பாதியில் வந்துவிட்டதால் அவளுடைய அளவுகள் முழுமையாகவில்லை. அடுத்த ஜூன் மாதம், வேறொரு குழு அங்கே போகும்போது அவளும் மறுபடி போய்க் கூடாரத்தில் தங்க வேண்டும். அது முடிந்தால்தான் படிப்பு முடியும். நினைத்ததைவிட ரெண்டு மாதம் தள்ளித்தான் அவள் ஊர் திரும்புவாள்.

"நான் வேணும்னா பேசிப் பாக்கறேன்" என்றாள்.

"வேணாம். போயி முடி" என்றான் அவன்.

ஒரு வாரம் கழித்து, செலின் தானாகவே போன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஊசி குத்திய இடத்தில் கன்றிப்போயிருந்த புறங்கையைப் போனுக்கு நேராக நீட்டிக் காட்டினாள். ஜோஸ்பின் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தன் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக் காட்டினாள். முழங்கால் வரைக்கும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு.

"இன்னாது அது?"

"கொசு. அங்க கொசு மேகம் மாதிரி வரும்."

"டெங்கு கொசுவா?"

"இல்ல. அங்க இருக்கிறது சும்மா கடிக்கும், அவ்ளோதான்."

செலின் யோசித்தாள். "மறுபடி டென்ட்டுக்குப் போவியா?"

"அடுத்த ஜூன்ல போவணும்."

"போறப்ப எங்கிட்ட சொல்லிட்டுப் போ. அப்பாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போகாத."

"சரிடி செல்லம். உங்கிட்டதான் மொதல்ல சொல்லுவேன்."

அடுப்படியில் நின்று அமல்தாஸ் கேட்டுக்கொண்டிருந்தான். ஜூன் என்ற வார்த்தை கேட்டதுமே அவன் விரல்விட்டு மாதங்களை எண்ணினான். அதற்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. இப்போதே பயப்பட ஆரம்பித்தால் ஜூன் வரும்போது என்ன மிச்சம் இருக்கும் என்று தன்னையே கேட்டுக்கொண்டான். ஆனாலும் பயந்தான். அடுப்பைக் குறைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஜோசி," என்றான், "அதுக்குள்ள கொஞ்சம் நீச்சல் கத்துக்க முடியுமா?"